வருவது வலிப்பா, குழாய்ப் பழுதா?

யாருக்காவது வலிப்பு வந்தால் நம் கை முதலில் சாவிக்கொத்தைத் தேடும். அடுத்த கேள்வி, "இது அவங்க பரம்பரையிலேயே இருக்கா?" என்பது. இரும்புக்கும் வலிப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, அதை விட்டுவிடுவோம். பரம்பரை பற்றிய கேள்வியைத்தான் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். கடாசில் என்றொரு நோய் உண்டு. அது உள்ள குடும்பங்களில் வழிவழியாக இறங்குவது வலிப்பு அல்ல, மூளையின் மெல்லிய இரத்தக் குழாய்களின் பழுது. அந்தப் பழுது விட்டுச்சென்ற தழும்பிலிருந்துதான் சிலருக்கு வலிப்பு கிளம்புகிறது. ஆகவே அதை விதியென்று விடுவதும் தப்பு, இன்னொரு பக்கவாதம் என்று கணக்கில் எழுதிவிடுவதும் தப்பு.

19-ஆம் குரோமோசோமில் நாட்ச்-3 என்ற மரபணு இருக்கிறது. அதில் நேரும் பிழையே கடாசிலுக்குக் காரணம் என்று 1996-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தாய் தந்தையரில் ஒருவரிடம் அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் சிதைகின்றன, சுவர் தடித்து விறைக்கிறது, மூளையின் ஆழத்திலுள்ள வெண்பொருள் இரத்தம் போதாமல் வாடுகிறது. இளம் வயதில் கண்முன் ஒளி நெளியும் ஒற்றைத் தலைவலி, நாற்பது ஐம்பதுகளில் ரத்தக் கொதிப்பு இல்லாதவருக்கும் பக்கவாதம், பிறகு மெல்ல மந்தமாகும் சிந்தனை: பலரிடம் நோய் போகும் வழி இது. வலிப்பு வருவது நூற்றில் 5 முதல் 10 பேருக்கு. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பக்கவாதம் கண்டவர்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வலிப்பு பிறக்கும் இடம் மூளையின் மேற்புறணி. இந்த நோயோ ஆழத்து வெண்பொருளைத் தின்பது. ஒன்று மற்றொன்றுக்கு எப்படிக் காரணமாகும்? எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்பொருளின் சேதம் பளிச்சென்று தெரிவதால், நோய் அங்கே மட்டும்தான் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் இந்நோய் கண்டு இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது புறணியிலும் நரம்புச் செல்கள் மடிந்திருப்பது தெரிந்தது. வழக்கமான படத்தில் அகப்படாத நுண்ணிய இரத்தத் தடைக் காயங்களும் அங்கே உண்டு. புறணிக்கும் ஆழத்துக்கும் இடையே ஓடும் நரம்பிழைகள் அறுபட்டால் மேலே இருப்பதும் நலிகிறது. புறணிக்கு நோயில் பங்கில்லை என்ற எண்ணம் படத்தின் குறைபாட்டால் வந்ததுதான்.

நூற்றில் பத்துப் பேருக்கு மேல் வராததை இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்கலாம். கடாசிலைக் குணமாக்க மருந்து இல்லை. வலிப்பைக் கட்டுப்படுத்த இருக்கிறது. கையில் அகப்படும் ஒன்றைக் கவனிக்காமல் விடுவானேன்? கவனம் தவறவும் வழி அதிகம். வலிப்பு அடங்கிய பின் ஒரு கை சில மணி நேரம் செயலற்றுக் கிடக்கலாம். பார்ப்பவருக்கு அது புதிய பக்கவாதம். தலைவலிக்கு முன்வரும் ஒளிநெளிவையும் மரமரப்பையும் வலிப்போடு குழப்பிக்கொள்வதும் உண்டு. தலைவலி அறிகுறி பல நிமிடங்களில் மெதுவாகப் பரவும். வலிப்பு பெரும்பாலும் நொடிகளில் பரவிவிடும். மூளையின் மின்னலைப் பதிவான இ.இ.ஜி. சரியாக இருக்கிறது என்பதாலேயே வலிப்பு இல்லை என்றும் ஆகாது. பழைய பக்கவாதத் தழும்பு உள்ளவருக்குத் தூண்டுதல் இல்லாமல் ஒரே ஒரு முறை வலிப்பு வந்தாலும், அடுத்த 10 ஆண்டுகளில் அது திரும்பும் வாய்ப்பு 60 சதவீதமாவது இருக்குமானால் அதையே வலிப்பு நோயாகக் கொள்ளலாம் என்கிறது 2014-இல் வந்த சர்வதேச வரையறை. இரண்டாவது முறை விழட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

மருத்துவரிடம் போகும்போது "ஃபிட்ஸ் வந்தது" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தக் கையில் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்லுங்கள். அருகிலிருந்தவர் செல்போனில் படம் எடுத்திருந்தால் காட்டுங்கள். அப்பாவுக்கோ அத்தைக்கோ நடுவயதிலேயே பக்கவாதம் வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்கும் வலிப்பு கிடையாது என்ற பதில், இந்த நோயைப் பற்றி அவருக்கு எதுவுமே சொல்லாது.