பொறியும் நெறியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் கம்பரைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ பேசுவதே வழக்கம். எலிப்பொறியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் கூறியபோது செயலாளர் அவர்கள் சற்றே தயங்கினார்கள். அத்தயக்கம் இயல்பே. ஆயினும், இந்தக் காலனியில் எலி நுழையாத வீடு ஒன்றேனும் உண்டா என்று கேட்டேன். அதன்பின் அவர்கள் மறுக்கவில்லை.

எலியையும் பன்றியையும் பிடிப்பதற்கென்று நாம் காசு கொடுத்து வாங்கும் பொருள்கள் உள்ளன. அவை வாங்கியவர்க்கு என்ன செய்கின்றன? அவற்றிற் சிக்கிய உயிர்க்கு என்ன செய்கின்றன? அரசு அவற்றை எவ்வளவு தொலைவு கட்டுப்படுத்துகிறது? இம்மூன்றையுமே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இவ்வெண்ணம் எனக்குத் தோன்றிய இடம் போனக்காடு. நம்முள் சிலருடைய பெற்றோரும் பாட்டன்மாரும் அம்மலையில் கொழுந்து கிள்ளியவர்களாதலால், அவ்வூரைப் பற்றி இங்கு நீட்டி உரைக்க வேண்டுவதில்லை. 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர்கூடத்திற்கு ஏறுவோர் நடைதொடங்கும் இடம் அது. 1983ஆம் ஆண்டில் அமைந்த பேப்பாறை வனவிலங்குப் புகலிடம் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. தேயிலைத் தோட்டம் நலிந்து, ஆலை ஓய்ந்து, கூலி நிலுவையில் நின்ற பின்னும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே லயங்களில் வாழ்கின்றன. பழைய பங்களா ஒன்றில் பேய் உலவுவதாகக் கேட்டு, அதைக் காண வண்டியேறி வரும் இளைஞர்கள் பலர். ஒழுகும் கூரையின் கீழ் வாழும் மனிதரைக் காண வருவோர் அத்தனை பேர் இல்லை.

அங்கே லயத்தில் ஓர் அம்மையாரின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அரிசிப் பானையின் அருகே பசை தடவிய அட்டை ஒன்று கிடந்தது. அதில் ஒரு சுண்டெலி ஒட்டிக்கொண்டு இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு எட்ட ஓர் அரணை ஒட்டிச் செத்திருந்தது. நான் முகம் சுளித்ததை அவர் கவனித்துவிட்டார். “கடையில என்ன இருக்கோ அதைத்தானே அண்ணாச்சி நாங்க வாங்க முடியும்?” என்றார். அவ்வொரு கேள்விக்கு விடை தேடியே சில சட்டங்களைப் புரட்டினேன்.

முதலில் காட்டுப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மலைச்சாரலில் பயிர் செய்வோர்க்குப் பன்றி இன்று நேற்று வந்த பகை அன்று. நம் முன்னோர் ‘அடார்’ என்றொரு பொறி வைத்தனர். பெருங்கல்லைச் சாய்த்து நிறுத்திச் சிறு முட்டுக் கொடுத்து, முட்டு விலகினால் கல் விழுமாறு அமைத்த பொறி அது. நற்றிணையில் 119ஆம் பாட்டு இதனைக் காட்டுகிறது. தினையைத் தின்ன வரும் பன்றிக்குப் புனவன் அடார் வைக்கிறான். பன்றி தப்பிவிடுகிறது, புலி அகப்படுகிறது. பொறி ஆள் அறியாது என்பதை இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பே தமிழன் கண்டிருக்கிறான்!

இன்றும் அக்கதைதான் நடக்கிறது. தோட்டத்து வேலியில் பன்றிக்கென்று கட்டும் பிரேக் கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. இடுப்பில் கம்பி இறுகிய சிறுத்தை இழுக்க இழுக்கக் கம்பி உள்ளே இறங்கும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், சுருக்கு வைத்துப் பிடிப்பதையும் வேட்டை என்றே கொள்கிறது. சிறுத்தை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதனை வேட்டையாடினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. பன்றிக்கு வைத்தேன் என்பது வழக்கு மன்றத்தில் எளிதில் எடுபடாது. 2020 மே மாதம் பாலக்காட்டு மாவட்டத்தில் வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்ட கருவுற்ற யானையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெடிமருந்து வைத்த காயைக் கடித்து அதன் வாய் சிதைந்திருந்தது. அதுவும் பன்றிக்கு வைத்ததே. 2022இல் கேரள அரசு, பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியபோது, வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் கொல்லலாகாது என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பு நன்று. ஆனால் சுருக்குக் கம்பி, வீட்டில் முறுக்கிச் செய்வது. கடைச் சட்டம் எதுவும் அதைத் தடுக்காது. பயிர் இழப்புக்கு உரிய காலத்தில் ஈட்டுத்தொகை கிடைத்தால் அது ஓரளவு குறையும். அது தனிப் பேச்சுக்குரியது. நான் வீட்டுக்குள் திரும்புகிறேன்.

எலியைக் கொல்லவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கேரளத்தில் மழைக்காலம் வந்தால் எலிக்காய்ச்சல் உடன் வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு புண்ணின் வழியே உட்புகுந்து ஆளையே வீழ்த்திவிடும். 2018 வெள்ளத்திற்குப் பின் அந்நோய் பரவியபோது, மீட்புப் பணியில் இறங்கியோர்க்கெல்லாம் தடுப்பு மாத்திரை வழங்க வேண்டியதாயிற்று. ஆகவே எலியை ஒழிப்பது குடும்பக் கடமை. எவ்வாறு என்பதே வினா.

நம் பழைய முறை மரப்பெட்டி. மலையாளத்தில் அதனை எலிப்பத்தாயம் என்பர். அப்பெயரிலேயே அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த திரைப்படம் 1982இல் லண்டனில் பரிசு பெற்றது. அதில் தங்கை, எலி அகப்பட்ட பெட்டியைக் குளத்திற்குக் கொண்டுபோய் நீரில் அமிழ்த்துவாள். நம் வீடுகளிலும் வாளித் தண்ணீரில் அதுதானே நடந்தது? பழையது என்பதால் அதனை இரக்கமுள்ள முறை என்று நான் புகழ மாட்டேன். இரண்டாவது, வில் வைத்த பொறி. நன்கு செய்யப்பட்டதாயின் கழுத்தில் அடித்து நொடியில் முடித்துவிடும். தரங்கெட்டதாயின் வாலையோ காலையோ கவ்விக்கொண்டு இரவெல்லாம் கத்த வைக்கும்; குழந்தையின் விரலையும் பதம் பார்க்கும். கடையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டும்.

மூன்றாவது அந்தப் பசைப்பலகை. அதன்மேல் சிக்கிய எலி பசியாலும் களைப்பாலும் மெல்ல மெல்லச் சாகிறது. விடுபட முயன்று தோலையும் மயிரையும் பிய்த்துக்கொள்கிறது. பல்லி, அரணை, சிட்டுக்குருவி எதுவும் விலக்கில்லை. இரக்கம் ஒருபுறம் இருக்கட்டும். அச்சத்தால் அந்த எலி ஓயாமல் சிறுநீர் கழிக்கிறது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் பசைப்பொறி வேண்டாம் என்று கூறுவதற்கு இதுவே காரணம். எலிக்காய்ச்சல் உலவும் நாட்டில், உயிருள்ள எலியும் அதன் சிறுநீரும் சேர்ந்த அட்டையைக் கையால் எடுத்துக் குப்பையில் எறிகிறாள் நம் வீட்டுப் பெண். விலங்குக்குக் கொடியதாக இருக்கும் பொருள் வாங்கியவர்க்கும் தீங்காவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா?

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. அதனை நாடாளுமன்றத்தில் தொடங்கி வைத்தவர் நம் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற அவர், விலங்குவதைக்கு எதிராகத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே ஒரு சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதனைத் திரும்பப் பெற்றார். 1960இல் விலங்குவதைத் தடைச் சட்டம் வந்தது. 1962இல் விலங்கு நல வாரியம் சென்னையில் தோன்றியது. அதன் முதல் தலைவரும் அவரே. பரதக்கலையை மேடையேற்றியவர் என்று மட்டுமே நம் பிள்ளைகள் அவரை அறிந்திருக்கின்றனர். இதையும் அவர்கள் அறிய வேண்டும். அந்த வாரியம் 2011இலும் பின்னரும் பசைப்பொறி கூடாது என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பல மாநிலங்கள் சுற்றறிக்கை விடுத்தன.

சரி, மீறினால் என்ன ஆகும்? 1960இன் சட்டப்படி முதற் குற்றத்திற்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகள் கடந்தும் அத்தொகை மாறவில்லை. ஒரு பசைப்பலகையின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். மேலும் அந்த அபராதம் யார்மேல் விழும்? உற்பத்தி செய்து இலாபம் கண்டவர்மேல் விழுவது அரிது. லயத்து அம்மையார்மேல் விழும்!

இவ்விடத்தில் மற்றொரு வரலாற்றை நினைவூட்டுகிறேன். 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய மதராஸ் மாநிலத்திலும் கோதுமை மாவு உண்டவர்கள் திடீரென வீழ்ந்தனர். ஃபாலிடால் எனப்படும் பூச்சிமருந்து, உணவுப் பொருளோடு ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு, கசிந்து மாவில் கலந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நடுவணரசு நீதிபதி ஜே. சி. ஷா அவர்களை விசாரிக்கப் பணித்தது. அதன் விளைவே 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம். அன்று முதல் எலிப்பாஷாணம் உட்பட எம்மருந்தையும் பதிவுக் குழுவின் முன் வைத்து ஒப்புதல் பெற்ற பின்னரே விற்கலாம் என்றாயிற்று. புட்டியின் மேல் சாய்சதுரத்துள் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் கடுமையைக் காட்டும் நிறமும் வந்தது. இச்சட்டத்தின் காவலிலும் ஓட்டைகள் உண்டு. பற்பசை போன்ற குழாயில் எலிப்பசை விற்று, அறியாது பல் துலக்கியவர்கள் மாண்ட செய்திகளை நாம் படிக்கிறோம். எனினும் விற்குமுன் சோதனை என்ற கொள்கை நிலைபெற்றது.

நஞ்சுக்கு அக்கொள்கை வந்தது, மனிதர் மாண்டதால். பொறியில் மாள்வது எலியும் அரணையும் ஆதலால், பொறிக்கு வரவில்லை. அவ்வளவே வேறுபாடு.

வர முடியாததன்று. அதே 1958ஆம் ஆண்டு, ஜூலை 31ஆம் நாள், இங்கிலாந்தில் பற்கள் பொருந்திய இரும்புக் கவ்வுபொறி முற்றிலும் விலக்கப்பட்டது. அதற்கு 1954இலேயே சட்டம் செய்து நான்காண்டு தவணை தந்தனர். வில்பொறிகளுள் அமைச்சர் ஒப்பியவற்றையே வைக்கலாம் என்றும் விதித்தனர். பசைப்பொறிக்கு அந்நாடு 2022இல் சட்டம் இயற்றி 2024 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. உரிமம் பெற்ற தொழிலாளர் மட்டுமே அதனை வைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் ருசியாவும் 1997இல் கண்ட உடன்பாடு, மென்மயிர்க்காகப் பிடிக்கும் விலங்குகளுக்குக் கால அளவே வகுத்தது. கொல்பொறி என்றால், சோதித்த விலங்குகளுள் நூற்றுக்கு 80 குறித்த நேரத்துள் உணர்விழக்க வேண்டும்: சிறு கீரியினத்திற்கு 45 நொடி, சிலவற்றிற்கு 120, ஏனையவற்றிற்கு 300. மயிர்வணிகத்திற்காக வகுத்த அளவு இது. 300 நொடி என்பது குறைந்த நேரமன்று. ஆயினும் பொறியைக் கடிகாரம் வைத்து அளக்கலாம் என்பது மெய்ப்பட்டுவிட்டதல்லவா?

நம் நாட்டிலும் கதவு திறந்தே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, மனிதர், விலங்கு, பயிர் ஆகியவற்றின் நலங்காக்க எப்பொருளுக்கும் தர முத்திரையைக் கட்டாயமாக்கலாம் என்று நடுவணரசுக்கு அதிகாரம் தருகிறது. பிரஷர் குக்கருக்கு அது கட்டாயம். 2021 முதல் விளையாட்டுப் பொம்மைக்கும் கட்டாயம். எலிப்பொறிக்கு மட்டும் கேட்பாரில்லை. நல்ல வில்பொறியும் கெட்ட வில்பொறியும் கடையில் ஒன்றுபோலத் தோன்றும் என்றேனே, அதற்குப் பரிகாரம் இதுதான். வாங்குபவள் கண்ணால் அறிய முடியாததைச் சோதனைச்சாலை அறிந்து முத்திரை இட வேண்டும். தேறாத பொறியும் பசைப்பலகையும் கடைக்கே வரலாகாது. அப்போது லயத்து அம்மையாரைச் சட்டம் தேடி வர வேண்டிய தேவை இராது.

விலை ஏறுமே என்று நம் காலனி வணிகர் ஒருவர் என்னிடம் கேட்டார். சிறிது ஏறும். ஆனால் பசைப்பலகை ஒருமுறைக்கு உதவும். நல்ல வில்பொறி பல ஆண்டு உழைக்கும். மாதம் ஒரு பலகை வாங்கும் குடும்பம் கணக்குப் பார்த்தால் நட்டம் யார்க்கு என்பது விளங்கும். மேலும், அரிசியை மூடியிட்ட தகரத்தில் வைப்பதும், சுவரோட்டையைக் கம்பிவலையும் சிமெண்டும் கொண்டு அடைப்பதும் எப்பொறியினும் மேலானவை. போனக்காட்டு லயங்களில் அடைக்க வேண்டிய ஓட்டைகள் மிகப் பல. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டைத் தந்து பேணும் கடமையை முதலாளிமேல் சுமத்தியிருந்தது. அக்கடமை ஒழுங்காக நிறைவேறியிருந்தால் அந்த அம்மையாருக்குப் பசைப்பலகையே வேண்டியிருந்திராது.

நடுவணரசின் நுகர்வோர் துறைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். விலங்குப் பொறிகளுக்குத் தர முத்திரையைக் கட்டாயமாக்குக என்பதே அதன் வேண்டுகோள். தமிழிலும் மலையாளத்திலும் படிகள் உள்ளன. வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறோம். இசை நிகழ்ச்சி தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு கையொப்பமாவது இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் செயலாளர் அவர்களும் போனக்காட்டிற்கு அப்படிகளை எடுத்துச் செல்கிறோம். உடன் வர விரும்பும் இளைஞர்கள், ஓட்டை அடைக்கச் சிமெண்டும் கம்பிவலையும் சுமக்க ஆயத்தமாக வாருங்கள். பேருந்து காலையில் புறப்படும்.