அந்த முப்பது ஆண்டுகள்



நாற்பது ஆண்டுகளாகப் பாட்டுச் சொல்லித்தருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களுக்குச் சொல்லும் கதையை இன்று பட்டம் பெறும் உங்களுக்கும் சொல்கிறேன்.

மரியன் ஆண்டர்சன் 1897இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்த கறுப்பினப் பெண். ஆறு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார். பனிக்கட்டியும் நிலக்கரியும் விற்ற தந்தை சீக்கிரமே இறந்துபோனார். இசைப்பள்ளியில் சேரப் போனபோது நிறத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். தேவாலயத்து மக்களே காசு சேர்த்து, நல்ல ஆசிரியரிடம் பாடம் கற்க வைத்தார்கள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எங்கள் தெருவில் இட்லி விற்ற அக்கா நினைவுக்கு வருவார். கல்லூரியில் சேர எனக்குப் பணமில்லாதபோது, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தவர் அவர். அந்த நோட்டுகளில் மாவு வாசம் இருந்தது. என் முதல் கச்சேரிக்கு அவர் உயிரோடு இல்லை.

1939இல் வாஷிங்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹால் அரங்கத்தை மரியனுக்குத் தர மறுத்தார்கள். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறன்று லிங்கன் நினைவகத்தின் முன்னால் திறந்தவெளியில் பாடினார். 75,000 பேர் திரண்டார்கள். இது பலருக்குத் தெரிந்த கதை. என் மனத்தை விட்டு அகலாதது வேறொரு நாள்.

1955 ஜனவரி 7. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில், இசையமைப்பாளர் வெர்டியின் ஓபரா ஒன்றில் உல்ரிகா என்னும் குறிசொல்பவளாக மேடையேறினார். கறுப்பினப் பாடகர் ஒருவர் அங்கே தனிப்பாத்திரம் ஏற்றது அதுவே முதன்முறை. அப்போது அவருக்கு வயது 57. அதே நகரின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு நடத்திய போட்டியில் அவர் வென்றது 1925இல். இடையில் முப்பது ஆண்டுகள்! ஐரோப்பா அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. சொந்த நாட்டு ஓபரா மேடை மட்டும் மூடிக் கிடந்தது. குரல் செழித்திருந்த காலமெல்லாம் கடந்த பிறகே அழைப்பு வந்தது. அவருடைய பொறுமையைப் புகழ்கிறோம். அந்த முப்பது ஆண்டுகளில் அந்த மேடை இழந்த பாட்டுக்கு யார் பதில் சொல்வது?

பிள்ளைகளே, உங்களில் பலர் நாளை ஆசிரியர்கள் ஆவீர்கள். ஒரு குழந்தை உங்கள் வாசலில் வந்து நின்றால் அதன் சாதியைக் கேட்காதீர்கள், கையில் காசிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அன்றே ச-ரி-க-ம தொடங்குங்கள்.