ட்ராம் ஓட்டிய மாணவிகளின் நகரில்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றியோ முழங்கால் நோவு பற்றியோ பேசுவார் என்று நீங்கள் நினைப்பது நியாயம். அதை மதிய போசனத்தின்போது, உங்கள் கோப்பைகளைப் பார்த்தபின் பேசிக்கொள்ளலாம். "உங்கட வகுப்புப் பிள்ளையள் யப்பானுக்குப் போய் வந்த கதையைச் சொல்லும்" என்று செயலாளர் அக்கா கேட்டார். அக்கா கேட்டால் மறுக்கிற பழக்கம் இந்தப் பாடசாலையில் எங்களுக்குப் பழக்கப்படவில்லை.

சென்ற ஆண்டு நவம்பரில் ஒசாக்காவில் எனக்கு ஒரு மருத்துவ மாநாடு இருந்தது. அதை அறிந்ததும் என் வகுப்புத் தோழிகள் மூவர் "நாங்களும் வாறம்" என்று ரிக்கற் போட்டுவிட்டார்கள். பெயர் சொன்னால் மேடையிலேயே சண்டைக்கு வருவார்கள். ஆகவே இருக்கும் ஊரைக்கொண்டு ரொறன்ரோ, இலண்டன், வவுனியா என்றே சொல்கிறேன். நால்வரும் 1995இல் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள். அந்த ஆண்டு ஒக்ரோபர் 30 இரவு மழையில் யாழ்ப்பாணமே நடந்ததே, அந்தச் சனத்துக்குள் நாங்களும் தனித்தனியாக நடந்தோம். அதன்பிறகு நால்வரும் ஒரே கூரையின்கீழ் ஐந்து நாள் இருந்தது இந்தப் பயணத்தில்தான்.

மாநாடு முடிந்ததும் கடுகதி ரயிலில் ஒன்றரை மணித்தியாலத்தில் ஹிரோஷிமா போனோம். போகவேண்டும் என்று நின்றவள் வவுனியா. "ரோக்கியோவில என்ன, கடைதானே இருக்கும்" என்றாள்.

ஹிரோஷிமா என்றால் எங்கள் மனதில் இருப்பது சமூகக்கல்விப் புத்தகத்தின் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கண்ணில் படுவது ட்ராம் வண்டிகள். ஓட்டா ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலில் விழும் கழிமுகம் அது. பாலத்துக்குப் பாலம் ட்ராம் ஏறி இறங்கி ஓடுகிறது. மற்ற நகரங்கள் ட்ராமை நிறுத்தியபோது கியோத்தோ, ஒசாக்கா, கோபே வண்டிகளை இவர்கள் வாங்கி ஓட்டினார்கள். ஆகவே ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு வயது. இறங்கும்போதுதான் காசு போடவேண்டும். பாடசாலை முடிந்து வரும் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வருகிறார்கள். தம் தரிப்பு வந்ததும் எப்படியோ விழித்து இறங்கிவிடுகிறார்கள். எங்கள் பஸ் பிள்ளைகளுக்கும் அந்த வித்தை தெரியும்.

இந்த ட்ராமில் ஒரு பெண்கள் பாடசாலையின் கதை இருக்கிறது.

போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குப் போனதால் ட்ராம் ஓட்ட ஆளில்லை. ட்ராம் நிறுவனம் 1943இல் தானே ஒரு பெண்கள் பாடசாலையைத் தொடங்கியது. படித்துக்கொண்டே சம்பளமும் பெறலாம் என்று கிராமங்களிலிருந்து பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் வந்து விடுதியில் சேர்ந்தார்கள். பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் வேலை. முதலில் நடத்துநர், பிறகு தலையில் பட்டி கட்டிக்கொண்டு சாரதி. 1945 ஓகஸ்ட் 6 காலை 8.15க்குக் குண்டு விழுந்தபோது அவர்களிற் பலர் வண்டிகளில் நின்றார்கள். ஏறத்தாழ முப்பது மாணவிகள் இறந்தார்கள். ஓகஸ்ட் 9ஆம் திகதி, அதாவது மூன்றாம் நாள், நகரின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிறு துண்டுப் பாதையில் ட்ராம் மறுபடி ஓடியது. அதில் வேலைக்கு நின்றவர்களில் இந்த மாணவிகளும் இருந்தார்கள். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பாடசாலையை மூடிவிட்டார்கள். இரண்டரை ஆண்டுகூட முழுதாக நடக்கவில்லை.

குண்டிற் சிக்கிய வண்டிகளுள் 651, 652 என்ற இலக்கமுள்ள இரண்டும் திருத்தப்பட்டு இன்றும் ஓடுகின்றன. மூன்றாம் நாள் மாலை நாங்கள் தரிப்பில் நிற்க 652 வந்தது. உள்ளே கைபிடித் தடியை இலண்டன் தொட்டுப் பார்த்தபடி நின்றாள். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற சனம். அந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பழையதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வைத்திருக்கிறார்கள், அதில் ஏறி வேலைக்கும் போகிறார்கள்.

சாப்பாட்டைக் கேட்காமல் விடமாட்டீர்கள். ஹிரோஷிமாவின் உணவு ஒக்கொனொமியாக்கி. எங்கள் முன்னாலேயே இருந்த சூடான இரும்புத் தகட்டில், தோசையிலும் மெல்லியதாகக் கோதுமை மாக் கரைசலை ஊற்றி, அதன்மேல் ஒரு மலை கோவா, முளைத்த பயறு, நூடில்ஸ், கடைசியில் முட்டை என்று அடுக்கிப் புரட்டுகிறார்கள். இனிப்பும் புளிப்புமான கறுத்தக் குழம்பைப் பூசி, சிறிய தட்டகப்பையால் வெட்டி அந்தத் தகட்டிலிருந்தே சாப்பிடவேண்டும். பன்றியிறைச்சி வேண்டாம் என்று கையாலும் படத்தாலும் விளக்கினோம். வெள்ளிக்கிழமை விரதக்காரியான வவுனியா, மீன் தூள் இல்லாத இடம் தேடி அன்று சோற்றுருண்டையோடு முடித்தாள். வெளியூர் போகும் சைவக்காரர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: யப்பானில் மரக்கறிச் சூப்பிலும் மீன் இருக்கும்.

போருக்கு முன் இது பிள்ளைகளின் மலிவான தின்பண்டம். போருக்குப் பின் அரிசி இல்லாதபோது அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவால் அது வயிறு நிரப்பும் சாப்பாடாயிற்று. எங்கள் அம்மாமார் கோதுமை மாவை இன்றும் 'அமெரிக்கன் மா' என்றுதான் சொல்கிறார்கள். அது என் நினைவுக்கு வந்தது. அந்தக் கடைகளிற் பல பெண்களின் செல்லப்பெயரில் இருக்கின்றன. கணவனை இழந்த பெண்கள் வீட்டு வாசலில் தகடு வைத்துத் தொடங்கியவை அவை என்றும், காணாமற்போன உறவினர் திரும்பி வந்தால் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று தம் பெயரையே வைத்தார்கள் என்றும் அங்கே சொல்கிறார்கள். இதை நான் சொல்லி முடித்தபோது ரொறன்ரோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வன்னியில் ரோட்டோரம் அப்பம் சுட்டு விற்கும் பெண்களை அவள் ஞாபகப்படுத்தினாள். நாங்கள் வேறொன்றும் பேசவில்லை.

தங்கியது பாய் விரித்த பழைய முறை விடுதியில். வாசலில் செருப்பைக் கழற்றுவது எங்களுக்குப் புதிதல்ல. மலசலகூடத்துக்குத் தனிச் செருப்பு வைப்பதை மட்டும் எங்கள் வைத்தியசாலைகள் பின்பற்றினால் நான் மகிழ்வேன். இரவில் உடுக்க யுக்காத்தா என்ற பருத்தி அங்கி தந்தார்கள். இலண்டன் அதை வலப்பக்கம் மேலே வரும்படி கட்டிக்கொண்டு ஒய்யாரமாக வெளியே வர, விடுதி அம்மா ஓடிவந்து ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து மாற்றிக் கட்டிவிட்டார். இடப்பக்கம்தான் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வைப்பது பிரேதத்துக்கு. மற்ற மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்கள். நாற்பத்தைந்து வயதுப் பெண்கள் விடுதிப் பிள்ளைகளைப்போல் சிரிப்பதை அவர்கள் மன்னித்திருக்கவேண்டும்.

மறுநாள் படகில் பத்து நிமிடத்தில் மியாஜிமா தீவு. கடலுக்குள் நிற்கும் சிவப்புத் தோரணவாயில், கையிலுள்ள கடுதாசியைப் பறித்துத் தின்னும் மான்கள், மேப்பிள் இலை வடிவத்தில் செய்து உள்ளே இனித்த சிவப்புப் பயறு வைத்த பலகாரம். எங்கள் பயற்றம் பணியாரத்துக்குத் தூரத்து மச்சாள் என்று சொல்லலாம். தீவு புனிதமானது என்பதால் முற்காலத்தில் அங்கே பிள்ளை பெறவும் கூடாது, சாகவும் கூடாது. கர்ப்பிணிகளையும் சாகக் கிடப்பவர்களையும் அக்கரைக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே நியமனம் கிடைத்திருந்தால் எனக்கு வேலை குறைவு.

கடைசி நாளை அமைதிப் பூங்காவுக்கு வைத்திருந்தோம். அருங்காட்சியகத்தைப் பற்றி நீட்டமாட்டேன். மாணவிகள் தாமே தைத்து உடுத்திருந்த சட்டைகளும் கருகிய மதியச் சாப்பாட்டுப் பெட்டியும் போதும். குண்டு வெடித்தது ஒரு தனியார் வைத்தியசாலைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில். நகரின் வைத்தியர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். அந்த வைத்தியசாலையின் உரிமையாளர் சத்திரசிகிச்சை ஒன்றுக்காக வெளியூர் போயிருந்ததால் தப்பினார். உள்ளே இருந்த நோயாளரும் தாதியரும் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அவர் திரும்பிவந்து அதே இடத்தில் மறுபடி கட்டினார். அந்தத் தெருவில் சிறிது நேரம் நின்றேன்.

பூங்காவிலுள்ள சடாக்கோவின் சிலையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வயதில் கதிர்வீச்சுக்கு ஆளாகி, 1955இல் பன்னிரண்டு வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த சிறுமி. மருந்து சுற்றிவந்த கடுதாசியில் கொக்கு மடித்தவள். அந்தச் சிலையை 1958இல் எழுப்பியது அரசாங்கத்தின் யோசனை அல்ல. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் தொடங்கிய நிதி சேர்ப்பு அது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்லவேண்டியது பூங்காவின் தெற்கே, அமைதிப் பெரும்பாலத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு சிறிய கல்லைப் பற்றி. சுற்றுலாப் பயணிகள் அதிகம் நிற்பதில்லை. நகர சபையின் பெண்கள் உயர்தரப் பாடசாலை ஒன்று இருந்தது. தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்து வெளியாக்கும் வேலைக்கு அன்று காலை அதன் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவிகள் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அந்தப் பகுதிக்கு வந்திருந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அங்கே நின்றவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆசிரியர்களையும் சேர்த்து 670க்கு மேல் இழந்த பாடசாலை. நகரில் வேறெந்தப் பாடசாலையும் அவ்வளவு இழக்கவில்லை.

1948இல் அந்தப் பிள்ளைகளுக்கு நினைவுக்கல் வைக்க விரும்பினார்கள். அப்போது நாடு அமெரிக்கப் படைகளின் ஆட்சியில் இருந்தது. அணுகுண்டு என்ற சொல்லைக் கல்லில் பொறிக்க முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? கல்லில் மூன்று பெண்பிள்ளைகளைச் செதுக்கினார்கள். நடுவில் நிற்பவள் வேலை உடுப்போடு ஒரு பெட்டியை ஏந்தி நிற்கிறாள். இரு பக்கமும் நிற்கும் தோழிகள் அவளுக்குப் பூமாலையும் புறாவும் கொடுத்துத் தேற்றுகிறார்கள். பெட்டியின்மேல் இருப்பது ஒரு சமன்பாடு மட்டும்: ஈ சமன் எம் சீ வர்க்கம்.

ரொறன்ரோதான் முதலில் கண்டாள். "இஞ்ச பாருங்கோடி, பௌதிகவியல்" என்றாள். உயர்தர வகுப்பில் ரீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதியபோது நாங்கள் புள்ளிக்காக மனப்பாடம் செய்தோம். எழுதக்கூடாது என்று தடுத்த சொல்லை, பாடப்புத்தகத்தில் இருக்கிற எழுத்தால் அந்தச் சனம் எழுதி வைத்திருக்கிறது.

வவுனியா அந்தக் கல்லின் முன் குந்தியிருந்தாள். பிறகு கேட்டாள்: "எங்கட பள்ளிக்கூடத்தில எங்க இருக்கு?"

அவள் எதைக் கேட்டாள் என்று மற்ற மூவருக்கும் விளங்கியது. எங்கள் மண்டபச் சுவரில் அதிபர்களின் படங்கள் இருக்கின்றன. நிதி தந்தோரின் பெயர்கள் பளிங்கில் இருக்கின்றன. தலைமை மாணவியரின் பட்டியல் பலகையில் பொன்னெழுத்தில் இருக்கிறது. சீருடையோடு இருந்த வயதில் செல்லிலும் விமானக்குண்டிலும், இடம்பெயர்ந்த இடத்தில் காய்ச்சலிலும், கடலிலும் போன எங்கள் பிள்ளைகளின் பெயர் எங்கும் இல்லை. இடாப்பில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருந்திருக்கும்; அந்த இடாப்புகளும் பல இடப்பெயர்வில் போய்விட்டன. எங்கள் வகுப்பில் ஆறு பேர். அன்றிரவு பாயில் படுத்துக்கொண்டு எண்ணினோம். ஒருத்தியின் பெயர் இலண்டனுக்கு மட்டுமே ஞாபகம் இருந்தது. இன்னும் இருபது வருடத்தில் இலண்டனுக்கும் மறதி வரலாம். இதை ஒரு வைத்தியராகச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல.

எப்படி இறந்தாள், யாரால் இறந்தாள் என்று எழுதினால் வாக்குவாதம் வரும், சங்கத்துக்குள்ளேயே வரும். அது எனக்கும் தெரியும். நான் கேட்பது பெயர், சேர்ந்த ஆண்டு, கடைசியாக இருந்த வகுப்பு. மூன்றே மூன்று விபரம். எந்தப் பக்கத்துப் பிள்ளை என்ற கேள்வி வேண்டாம். எல்லோரும் எங்கள் இடாப்பில் இருந்த பிள்ளைகள். நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டால் கல்லா பலகையா என்பதைப் பிறகு பேசலாம். முதலில் பட்டியல் வேண்டும்.

வவுனியா இன்று வந்திருக்கிறாள். மதிய போசனத்தின் பின் நூலக வாசலில் ஒரு சீ.ஆர். கொப்பியோடு இருப்பாள். முதல் பக்கத்தில் ஆறு பெயர்கள் ஏற்கனவே எழுதியிருக்கின்றன. வெளிநாட்டில் இருப்போர் உங்கள் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். பெயர் முழுதாக ஞாபகமில்லாவிட்டாலும் வாருங்கள். பின்னலின் நீளமோ வீட்டு ஒழுங்கையோ ஞாபகமிருந்தால் பக்கத்தில் நிற்கும் இன்னொருத்திக்குப் பெயர் வந்துவிடும்.