மாநாட்டுக்கு வந்த பத்துச் சிறுவர்

சங்கீத ஆசிரியர்கள் கூடும் மாநாடுகளிற் பெரும்பாலும் நிகழ்வது யாது? தலைவர் உரை, அறிக்கை வாசிப்பு, பாடத்திட்டம் பற்றிய தீர்மானங்கள், இடையே தேநீர். வந்தவர் பலரும் தாம் கொண்டுவந்த கருத்துடனேயே வீடு திரும்புவர். எனினும், ஆசிரியர் பேச்சை நிறுத்திச் செவிகொடுத்த மாநாடுகளும் சில உண்டு. அத்தகைய கூட்டங்கள் இரண்டு, ஆறாண்டு இடைவெளியில் ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்றன.

முதலாவது, 1958ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்து ஒபர்லின் நகரிற் கூடியது. தந்தி வாத்தியங் கற்பிக்கும் ஆசிரியர் குழுமியிருந்த அவ்விடத்திலே, யப்பானிலிருந்து வந்த படச்சுருள் ஒன்று காட்டப்பட்டது. நூற்றுக்கணக்கான சிறுவர் ஒருங்கே நின்று, பாக் என்னும் ஜேர்மானிய இசைமேதை இரண்டு வயலின்களுக்கென இயற்றிய உருப்படியை வாசித்தனர். கண்டோர் வியந்தனர், ஐயுற்றோரும் இருந்தனர். இவர்கள் பொறுக்கியெடுத்த மேதைகளா, அயல்வீட்டுப் பிள்ளைகள் போன்றவர்களா?

அச்சிறுவரைப் பயிற்றியவர் சினிச்சி சுசுக்கி. 1898இல் நகோயாவிற் பிறந்தவர். வயலின் செய்யுந் தொழிற்சாலை நடத்தியவரின் மைந்தர். பேர்லினிற் பயின்று, போருக்குப் பின் மட்சுமோட்டோ நகரில் வகுப்பு நடத்தினார். யப்பானியக் குழந்தை ஒவ்வொன்றும் தாயின் பேச்சைக் கேட்டுக் கேட்டே தன் மொழியைக் கற்றுக்கொள்கின்றது. இசையையும் அவ்வாறே ஊட்டலாகாதா என்பது அவர் எழுப்பிய வினா. ஆகவே, பிள்ளை வில்லைத் தொடுமுன்பே இசைத்தட்டை நாள்தோறுங் கேட்கவேண்டும். தாயும் முதலிற் சிறிது வாசிக்கப் பழகவேண்டும். சுரக்குறிப்பைப் படிப்பது பிற்பாடு. சேர்க்கும்போது தெரிவுப் பரீட்சை இல்லை. குருவின் வாய்வழி கேட்டே பாடம் பண்ணிய கர்நாடக சங்கீத மாணாக்கருக்கு இதிற் பாதி பழஞ்செய்தியே. ஏட்டை முன்வைத்துத் தொடங்கும் மேல்நாட்டு ஆசிரியருக்கோ பெரும் புதுமை.

புதுமையினும் சங்கடமே மிகுதி எனலாம். "இந்தப் பிள்ளைக்கு ஞானம் இல்லை" என்று பெற்றாரிடம் கூறிவிடுதல், எந்த நாட்டிலும் ஆசிரியருக்கு வாய்த்த சுலபமான வழி. சுசுக்கி சொல்வது மெய்யாயின் அவ்வழி அடைபட்டுப் போகும். குறையை ஆசிரியர் தம்மிடமே தேடவேண்டி வரும்.

படம் பார்த்து அமைதியடையாத ஒகையோ ஆசிரியர் ஜோன் கெண்டல், 1959இல் யப்பானுக்கே சென்று வகுப்புகளை நேரிற் கண்டு வந்தார். பின்னர், 1964 மார்ச்சு மாதம் பிலடெல்பியாவில் இசைக் கல்வியாளரின் தேசிய மாநாடு கூடியபோது, சுசுக்கி தாமே பத்துச் சிறுவருடன் அங்கே வந்தார். அவருட் சிறியவர் பள்ளி செல்லத் தொடங்கிய பருவத்தினரே. கையில் இருந்தவை அவர்தம் தோளுக்கேற்ற குறுகிய வயலின்கள். திரைப்படத்தைச் சந்தேகிக்கலாம், ஐந்தாறு வரிசைக்கு அப்பால் நின்று சுருதி பிசகாமல் வாசிக்கும் பிள்ளையை எங்ஙனஞ் சந்தேகிப்பது? வாசிப்பு முடிந்ததும் எழுந்த கைதட்டல் அம்மாநாட்டின் பேச்சாயிற்று.

மறுப்புரைகளும் இல்லாமற் போகவில்லை. சுரக்குறிப்பைப் பிந்திப் பழகுவோர் வாத்தியக் குழுவில் இடர்ப்படுவர் என்றனர் சிலர். அது தள்ளத்தக்க குறையன்று. அம்முறையைப் பின்பற்றிய ஆசிரியரே அதனை ஈடுசெய்ய முயன்றனர். எல்லாரும் ஒரே வார்ப்பில் வாசிப்பர் என்ற குற்றச்சாட்டோ அத்துணை வலுவுடையதாகத் தோன்றவில்லை. தொடக்கநிலை மாணாக்கர் எங்கேதான் தனிப்பாணியில் வாசிக்கின்றனர்?

அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க ஆசிரியர் பலர் மட்சுமோட்டோவுக்குப் பயணமாயினர். ஊரிற் பட்டம் பெற்றுப் பல்லாண்டு கற்பித்தவர்கள் அங்கே வில்லைப் பிடிக்கும் முதற் பாடத்திலிருந்து மீண்டும் தொடங்கினர்.