சம்மன் நுழையாத வாசல்

(அறந்தாங்கியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவரை முதலாளி காரணமில்லாமல் நிறுத்திவிட்டால் அவர் எங்கே போவார்? தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவார். அங்கே முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். ஜெயிப்பதும் தோற்பதும் வேறு விஷயம். ஏறுவதற்கு ஒரு படி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் மீதும் வழக்குப் போடலாம், மத்திய அரசின் மீதும் போடலாம். கலீஃபாவே காஜியின் முன்னால் போய் நின்ற வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இதே இந்திய மண்ணில் நீதிமன்ற சம்மன் உள்ளே நுழைய முடியாத முதலாளிகள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

இருக்கிறார்கள், சட்டப்படியே இருக்கிறார்கள். 1946-ல் ஐ.நா. பொதுச்சபை ஓர் உடன்படிக்கையை ஏற்றது. ஐ.நா. சபை தானாக முன்வந்து வெளிப்படையாக விட்டுக்கொடுத்தால் ஒழிய, எந்த நாட்டு நீதிமன்றமும் அதன் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்பது அதன் சாரம். 1947-ல் இந்தியா இதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. ஐக்கிய நாடுகள் (சலுகைகள் மற்றும் விலக்குரிமைகள்) சட்டம் என்று பெயர். அதன் 3-வது பிரிவின்படி, மற்ற சர்வதேச அமைப்புகளுக்கும் மத்திய அரசு ஓர் அறிவிக்கை மூலம் அதே விலக்குரிமையைக் கொடுக்கலாம்.

இதை முழு அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். மலேசியத் தமிழர், வழக்கறிஞர் பரம் குமாரசாமியின் கதையைக் கேளுங்கள். நீதிபதிகளின் சுதந்திரம் பற்றி ஆராய ஐ.நா. நியமித்த சிறப்பு அறிக்கையாளர் அவர். 1995-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், பெரிய கம்பெனிகள் மலேசிய நீதிமன்றங்களை எப்படிக் கையாளுகின்றன என்று பேசினார். உடனே அவதூறு வழக்குகள், கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்டு! 1999 ஏப்ரலில் உலக நீதிமன்றம், அவர் ஐ.நா. பணியில் பேசியதால் விலக்குரிமை உண்டு என்று கருத்துரைத்தது. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் நியாயம் பேச எவர் முன்வருவார்? ஒரு நாட்டின் பண பலமும் ஆட்சி பலமும் உலக அமைப்பின் கையைக் கட்டிவிடக் கூடாது. விலக்குரிமை பிறந்தது அதற்காக.

ஆனால் அதே கேடயத்தை ஒரு குமாஸ்தாவுக்கும் டிரைவருக்கும் எதிராகப் பிடித்தால்?

ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 'இக்ரிசாட்' இருக்கிறது. வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையம். சோளம், கம்பு, துவரை, நிலக்கடலை இவற்றை ஆராய்கிறது. ஆலங்குடிப் பக்கம் கடலை போடுகிறவர்களுக்கும் பயன்படுகிற வேலை, அதில் குறை சொல்வதற்கில்லை. 1972-ல் இந்திய அரசின் ஒப்பந்தத்தால் பிறந்தது; அதே ஆண்டில் 1947 சட்டப்படி விலக்குரிமையும் பெற்றது. அங்கே வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் ஆந்திர உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார்கள். தள்ளுபடி. உச்சநீதிமன்றம் போனார்கள். 2003 பிப்ரவரியில் அங்கும் தள்ளுபடி.

உச்சநீதிமன்றம் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இக்ரிசாட் பல நாடுகளின் பணத்தில் நடக்கிற அமைப்பு. அரசியல் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிற 'அரசு' அல்ல. பொதுக்கடமையைச் சட்டக் கட்டாயத்தால் செய்வதும் அல்ல. ஆகவே ரிட் செல்லாது. அதாவது வாசலுக்கு இரண்டு பூட்டு! சாதாரண வழக்குக்கு விலக்குரிமை ஒரு பூட்டு, ரிட் மனுவுக்கு இது இன்னொரு பூட்டு. இந்திய மண், இந்தியத் தொழிலாளி, இந்திய அரசு கொடுத்த இடம். இந்திய நீதிமன்றம் மட்டும் இல்லை.

ஐரோப்பாவில் என்ன செய்தார்கள்? ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஜெர்மனி நிலையத்தில் வேலை செய்த இருவரின் வழக்கில், 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஓர் அளவுகோலை வைத்தது. தொழிலாளிக்கு நியாயமான மாற்று வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. அங்கே மேல்முறையீட்டு வாரியம் இருந்ததால் அவர்கள் இருவரும் தோற்றார்கள். ஆனால் அளவுகோல் நின்றது. 2009-ல் பெல்ஜியத்தின் உச்சநீதிமன்றம், உள் விசாரணை முறை சரியில்லை என்று சொல்லி, மேற்கு ஐரோப்பிய ஒன்றியம் என்ற அமைப்பின் விலக்குரிமையை ஒரு ஊழியரின் வழக்கில் ஏற்க மறுத்தே விட்டது.

நாம் கேட்பதும் இதைத்தான். மத்திய அரசு ஓர் அமைப்புக்கு அறிவிக்கை மூலம் விலக்குரிமை கொடுக்கும்போது, 'உன் ஊழியனுக்குச் சுதந்திரமான தீர்ப்பாயம் எங்கே?' என்று கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும். இதைப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய் வார்த்தை காற்றோடு போய்விடும்.

இனி இளைஞர்களுக்கு. யுனிசெப், ஐ.நா. அகதிகள் ஆணையம் போன்றவற்றில் முறையான ஊழியராகச் சேர்ந்தால் 2009 முதல் ஐ.நா. தகராறு தீர்ப்பாயம் இருக்கிறது. பாதகமான உத்தரவு கையில் வந்த 60 நாளுக்குள் நிர்வாக மறுபரிசீலனை கேட்க வேண்டும். பெரும்பாலான வழக்குகளில் அதைத் தவறவிட்டால் தீர்ப்பாயமும் கைவிரித்துவிடும். அதன் பிறகே, 90 நாள் கெடுவுக்குள், தீர்ப்பாயம். உலக சுகாதார நிறுவனத்துக்கும் யுனெஸ்கோவுக்கும் ஜெனீவாவிலுள்ள ஐ.எல்.ஓ. தீர்ப்பாயம்.

ஆனால் ஆர்டரில் 'ஆலோசகர்' என்றோ 'தனிநபர் ஒப்பந்தக்காரர்' என்றோ போட்டிருந்தால் ஐ.நா. தீர்ப்பாயம் கிடையாது, மத்தியஸ்தம் மட்டும்தான். அதன் செலவை நம் பிள்ளைகள் தாங்குவார்களா என்பது வேறு கதை. ஆகவே சம்பளத் தொகையைப் பார்க்கிற கண், பதவியின் பெயரையும் தகராறு பற்றிய பத்தியையும் பார்க்கட்டும். காவலாளியாகவோ டிரைவராகவோ உள்ளூர் காண்டிராக்டர் மூலம் போகிறவருக்கு ஒரு நல்ல செய்தி: காண்டிராக்டருக்கு எந்த விலக்குரிமையும் இல்லை. அவர் மீது நம் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். சம்பளச் சீட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று. பெயரில் 'இண்டர்நேஷனல்' என்று இருப்பதால் மட்டும் விலக்குரிமை வந்துவிடாது. தனியார் தொண்டு நிறுவனத்துக்கும் வளைகுடா கம்பெனிக்கும் அது இல்லை. 'எங்கள் மீது கேஸ் போட முடியாது' என்று ஒரு மேனேஜர் மிரட்டினால், எந்த அறிவிக்கை, எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

வணிகர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நிவாரணப் பணிக்காக ஐ.நா. அமைப்புக்கு அரிசியோ தார்ப்பாயோ சப்ளை செய்துவிட்டுப் பணம் நின்றுபோனால், புதுக்கோட்டை கோர்ட்டில் பிராது கொடுத்து வசூலிக்க முடியாது. ஒப்பந்தத் தகராறுக்குத் தக்க தீர்வு முறையை ஐ.நா. ஏற்படுத்த வேண்டும் என்று அதே 1946 உடன்படிக்கையின் 29-வது பிரிவு சொல்கிறது. அதன்படி அவர்களுடைய ஒப்பந்தங்களில் முதலில் சமரசப் பேச்சு, பிறகு மத்தியஸ்தம் என்று இருக்கும். சரக்கை லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஒரு வக்கீலிடம் காட்டி, மத்தியஸ்தம் எந்த ஊரில், யார் செலவில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.