காற்றுக்கு உடுத்துவது



மழைக்குக் குடை போதும் என்று நம்பி வளர்ந்தவள் நான். ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவைப் பார்க்கப் புறப்பட்ட அன்றும் பருத்திச் சேலை, செருப்பு, குடை என்றே கிளம்பினேன். "அம்மா, சப்பாத்தைப் போடுங்கோ, கோட்டையும் எடுங்கோ" என்றாள் மகள். நான் கேட்கவில்லை.

பழைய நகரையும் புதிய நகரையும் இணைக்கும் வடக்குப் பாலத்தில் கால்வைத்ததும் காற்று குடையைப் புரட்டிவிட்டது. மழை மேலிருந்து விழவில்லை; பக்கத்திலிருந்து அடித்தது. நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ள, நடுக்கத்தில் எனக்குப் பேச்சே எழவில்லை. மகள் தன் மேலங்கியைக் கழற்றி எனக்குப் போர்த்தினாள். என் பிடிவாதத்துக்காக அவள் நனைந்தாள்.

1850இல் இந்நகரில் பிறந்த எழுத்தாளர் ஸ்டீவன்சன் சிறுவயதிலேயே நெஞ்சு நோயால் வாடியவர். தம் ஊரின் காலநிலையைக் கடுமையாகச் சாடி எழுதியவர். சமோவாத் தீவில் குடியேறி, 1894இல் அங்கேயே மறைந்தார். அவர் சாடியது மிகையன்று என்பதை என் உடல் அன்று அறிந்துகொண்டது.

நனைந்த பருத்தி உடற்சூட்டைக் காக்காது; கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். எனவே மறுநாள் உடலையொட்டிக் கம்பளி, காலில் சப்பாத்து, சற்று உயர்த்திக் கட்டிய சேலை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத மழைக்கோட்டு. சேலைத் தலைப்பு மறைந்துவிட்டதே என்று எனக்கு மனக்குறை. மகளின் மேலங்கி இன்னும் ஈரமாய் நாற்காலியில் தொங்கியது. அதைக் கண்டதும் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டேன்.