புயலுக்குக் காத்திருந்த இரண்டு நாள்கள்

சரத் காலம் என்றால் தெளிந்த வானமும் வெண்முகிலும் நம் நினைவுக்கு வரும். ஆனால் வங்கக் கடலின் கரையில் குடியிருப்பவர்களுக்கு அந்தக் காலத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. தென்மேற்குப் பருவமழை விடைபெற்றுச் செல்லும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கடல் நீரில் கோடையின் வெப்பம் இன்னும் தங்கியிருக்கும். அந்த வெப்பமே புயலுக்கு உணவு. ஆகவே எங்கள் ஊரில் வானம் மிகத் தெளிவாக இருக்கும் நாளில்தான் பெரியவர்கள் கடலை ஒருமுறை ஐயத்தோடு பார்ப்பார்கள்.

எங்கள் ஊர் என்று நான் சொல்வது விசாகப்பட்டினம். பிழைப்புக்காக வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே தங்கிவிட்டவன் நான். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 11, 12 ஆகிய சனி, ஞாயிறு இரு நாள்களையும் நானும் என் மனைவியும் ஒரு புயலுக்காகக் காத்திருந்து கழித்தோம். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அந்தப் புயலுக்கு ஹுத்ஹுத் என்று பெயர். அது ஒரு பறவையின் பெயர். ஓமான் நாடு கொடுத்தது. தமிழில் அந்தப் பறவையைக் கொண்டலாத்தி என்போம். அக்டோபர் 8ஆம் தேதி அந்தமான் தீவுகளைக் கடந்த அப்புயல், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலைத் தாண்ட நான்கு நாள்கள் எடுத்துக்கொண்டது. கணக்கிட்டுப் பார்த்தால், சைக்கிளில் செல்பவனின் வேகந்தான். தன்னைத் தானே சுற்றும் காற்றோ விரைவு ரயிலையும் மிஞ்சக்கூடியது. நகர்ந்து வரும் வேகம் மட்டும் நிதானமானது. அந்த நிதானமே மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம்.

இந்த அவகாசம் எல்லாக் காலத்திலும் பயன்பட்டதில்லை. 1977 நவம்பர் 19ஆம் தேதி இதே ஆந்திரக் கரையில், கிருஷ்ணை ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள திவிசீமையைப் புயல் தாக்கியபோது, கடல் பொங்கி ஊர்களுக்குள் புகுந்து ஏறக்குறைய பதினாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. அன்றும் புயல் மெதுவாகத்தான் வந்தது. வருகிறது என்ற செய்தி குடிசைகளை உரிய நேரத்தில் எட்டவில்லை. இன்று வானில் துணைக்கோள்கள் பார்க்கின்றன. கரையில் ராடார்கள் பார்க்கின்றன. எங்களுக்கு நான்கு நாள்களுக்கு முன்பே தெரியும்.

சனிக்கிழமை காலையில் பாலுக்கும் மெழுகுவர்த்திக்கும் கடைகளில் கூட்டம். நான் மாடியிலிருந்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். ஆள் பிடித்து, தென்னையின் காய்ந்த மட்டைகளையும் குலைகளையும் வெட்டச் சொன்னேன். புயற்காற்றில் ஒரு தேங்காய் பீரங்கிக் குண்டுக்குச் சமம். என் மனைவி வீட்டிலுள்ள அண்டா, குடம், வாளி அனைத்திலும் நீர் நிரப்பினாள். புளிக்காய்ச்சல் கிளறி ஜாடியில் எடுத்து வைத்தாள். வீட்டுப் பத்திரத்தையும் எங்கள் கல்யாணப் படத்தையும் ரப்பர் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

பிற்பகலில் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. பிள்ளைகள் வெளியூரில். தெருவில் நடமாட்டம் ஓய்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் எதிரெதிரே அமர்ந்து, எங்கும் போகவேண்டிய அவசரம் இல்லாமல், பழைய கடிதங்களைப் பிரித்துப் படித்தோம். அச்சம் இருந்தது, ஆனாலும் அந்த மாலை இனிமையாகவே இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இரவு மின்சாரம் நின்றது. அரிக்கேன் விளக்கைச் சிறிதாக்கிவிட்டு நான் கண்ணயர்ந்தேன். அவளோ பேட்டரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். “சொன்னதையே சொல்கிறார்கள், உறங்கு” என்றேன். “நூறு முறை சொன்னால் ஒரு முறையாவது நம் காதில் விழாதா?” என்றாள்.

ஞாயிறு காலையில் காற்று வடகிழக்கிலிருந்து வந்தது. வீசியது என்பதைவிட மோதியது என்பதே பொருந்தும். முன் அறையின் கதவிடுக்கெல்லாம் நீர் பீறிட்டது. வீட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள படுக்கையறையே காற்றுக்கு மறைவாக இருந்ததால், அங்கே கட்டிலில் அமர்ந்திருந்தோம். பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. அவள் என் கையைப் பற்றியிருந்தாள்.

நண்பகலை ஒட்டி, கதவை யாரோ சாத்தினாற்போல் காற்று அடங்கியது. வெளிச்சம் வந்தது. அண்டை வீட்டார் குரல் கேட்டது. “முடிந்தது” என்று சொல்லி நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளிவாயில் வரை போய்விட்டேன். வேப்பமரம் என்னவாயிற்று என்று பார்க்க ஆவல்.

“உள்ளே வாருங்கள்! பாதிதான் முடிந்திருக்கிறது” என்று அவள் கூவினாள். “புயலின் கண் கடக்கும்போது காற்று நிற்கும், பிறகு எதிர்த்திசையிலிருந்து வரும் என்று இரவு வானொலியில் சொன்னார்கள். நீங்கள் உறங்கிவிட்டீர்கள்.”

நான் திரும்பினேன். அவளோ அதற்குள் மெத்தையை இழுக்கத் தொடங்கியிருந்தாள். காலையில் பாதுகாப்பாக இருந்த அறை இனிப் பாதுகாப்பன்று. காலையில் அடிவாங்கிய முன் அறையே இனி மறைவிடம். தரையில் தேங்கிய நீரைத் துடைத்து, விளக்கையும் வானொலியையும் சோற்றுப் பாத்திரத்தையும் அங்கே கொண்டு சேர்த்தோம். “உங்கள் வீட்டாரையும் உள்ளே போகச் சொல்லுங்கள்” என்று சுவருக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் அவள் குரல் கொடுத்தாள்.

சற்று நேரத்தில் தென்மேற்கிலிருந்து காற்று திரும்பியது. படுக்கையறையில் ஒரு பெரும் ஓசை. மாலையில் போய்ப் பார்த்தபோது சன்னல் சட்டத்தோடு பெயர்ந்து, நாங்கள் காலையெல்லாம் அமர்ந்திருந்த கட்டிலின்மேல் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது.

காற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் என்று பின்னர் அறிந்தோம். மறுநாள் கைலாசகிரி மலை பச்சை இழந்து நெருப்பில் கருகியது போல் நின்றது. விமான நிலையத்தின் கூரை பிய்ந்திருந்தது. மின்சாரமும் தொலைபேசியும் பல நாள் வரவில்லை. எங்கள் வேப்பமரமும் வீழ்ந்துவிட்டது. புளிக்காய்ச்சல் மட்டும் எங்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் நான்கு நாள் வந்தது.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைச் சின்னங்களில் பதினொன்றாவது ஒன்று உண்டு. வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். எச்சரிக்கைகளில் கடைசியானது அதுதான் என்பது எனக்கு ஆழ்ந்த பொருளுடையதாகத் தோன்றுகிறது. காற்று எவ்வளவு கடுமையானாலும், சொல் ஒன்று வந்து சேரும்வரை மனிதனுக்கு வழி உண்டு. ஆனால் அதைக் கேட்க வீட்டில் ஒருவராவது விழித்திருக்க வேண்டும்.

காத்திருப்பது சும்மா இருப்பதன்று. அமைதியான பொழுதில் நீர் நிரப்பி வைப்பதும், செய்தியை இன்னொரு முறை கேட்பதும், காற்று நின்றவுடன் வெளியே ஓடாமல் மெத்தையை மாற்றிப் போடுவதும் அதிலே அடங்கும். இதை எனக்கு முப்பது ஆண்டுக் கடற்கரை வாசம் கற்பிக்கவில்லை. என் மனைவி ஒரு பகலில் கற்பித்தாள். இப்போதெல்லாம் அக்டோபர் பிறந்தால் இரவுச் செய்தியை நாங்கள் இருவருமே கேட்கிறோம்.